பூட்டிய கதவுக்குள்ளிருந்து எழுதியவர்கள்

ரூஸ்வெல்ட் தீவு, நியூயார்க்

கிழக்கு ஆற்றின் நடுவே இரண்டு மைல் நீளத்துக்கு ஒல்லியாகக் கிடக்கிறது ரூஸ்வெல்ட் தீவு. மன்ஹாட்டனிலிருந்து கம்பிவடப் பெட்டியில் ஏறினால் குவீன்ஸ்பரோ பாலத்தை ஒட்டியே பறந்து சில நிமிடங்களில் இறக்கிவிடுகிறார்கள். கரையோரப் பாதையில் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு இளம் தாய்மார்கள் நடக்கிறார்கள். இதற்குப் பிளாக்வெல்ஸ் தீவு என்று பெயர் இருந்த காலத்தில் நியூயார்க் நகரம் தன் கண்ணில் படக் கூடாதவர்களை எல்லாம் இங்கேதான் அனுப்பி வைத்தது. சிறைச்சாலை, ஏழைகள் விடுதி, அம்மை நோய் ஆஸ்பத்திரி, மனநோயாளிகள் காப்பகம் எல்லாம் இங்கே இருந்தன.

அமெரிக்க இலக்கியம் மனநோயை எப்படி எழுதியது என்பதை, அந்த எழுத்து பிறந்த இடங்களுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எட்கர் ஆலன் போவின் கதைகளில் பித்து என்பது வாசகனை நடுங்க வைக்கும் திகில். நான் தேடிப் போனது வேறொன்றை. உள்ளே அடைபட்டுக் கிடந்தவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே என்ன சொன்னார்கள்?

1839இல் திறந்த காப்பகத்தில் இப்போது மிஞ்சியிருப்பது எட்டு மூலைக் கோபுரம் ஒன்றுதான். சாம்பல் நிறக் கல். 2006இல் அதைப் புதுப்பித்து, இரண்டு பக்கமும் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பிவிட்டார்கள். 1887இல் நெல்லி பிளை என்ற பத்திரிகையாளர் இங்கேதான் வந்து சேர்ந்தார். வயது 23. ஜோசப் புலிட்சரின் ‘நியூயார்க் வேர்ல்டு’ பத்திரிகைக்காகப் புத்தி பேதலித்தவராக நடித்து, டாக்டர்களையும் நீதிபதியையும் நம்ப வைத்து உள்ளே போனார். போன பிறகு நடிப்பை விட்டுவிட்டு இயல்பாகத்தான் பேசினார். யாரும் நம்பவில்லை. பத்து நாள் கழித்து பத்திரிகை ஆள் அனுப்பித்தான் அவரை மீட்க முடிந்தது.

அவர் எழுதியது அந்த ஆண்டே புத்தகமாக வந்தது. ஐஸ் போன்ற தண்ணீரில் குளியல், அதே அழுக்குத் தண்ணீரில் அடுத்தவருக்கும் குளியல், கெட்டுப்போன வெண்ணெய் தடவிய ரொட்டி, காலை முதல் இரவு வரை அசையாமல் உட்கார வேண்டிய மரப் பெஞ்சு என எல்லாவற்றையும் எழுதினார். என்னை மிகவும் உலுக்கியது ஒரு ஜெர்மன் பெண்ணின் கதை. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் பேச்சை மொழிபெயர்க்க ஓர் ஆளைக் கூப்பிட யாரும் மெனக்கெடவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்பது யாருக்கும் புரியாமலே அவளைப் பைத்தியம் என்று எழுதி உள்ளே தள்ளிவிட்டார்கள். இந்தப் பயணம் முழுக்க அவள் என் கூடவே வந்தாள்.

தீவின் வடமுனையில் கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் 2021இல் ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். ஆளுயரத்தை விடப் பெரிய வெண்கல முகங்கள், துண்டு துண்டாகச் சேர்த்து வைத்த முகங்கள். நெல்லி பிளையின் முகம் மட்டும் வெள்ளி நிறம். மற்ற நான்கும் பல இனத்துப் பெண்களுடையவை. தினமும் அங்கே நடக்க வருவதாகச் சொன்ன ஒரு பாட்டி, ஒவ்வொரு முகத்தையும் கையால் தொட்டுக்கொண்டே போனார். “எங்கள் அம்மாவை யாரும் இப்படிச் சிலை வைத்து நினைக்க மாட்டார்கள், அதனால் இவர்களைத் தொட்டுக்கொள்கிறேன்” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஹார்லெம்

மன்ஹாட்டனின் வட பகுதியில் 134ஆம் தெருவில் இருக்கிறது செயின்ட் பிலிப்ஸ் தேவாலயம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த பெண்களின் தொப்பிகளே ஒரு கண்காட்சி. ‘நேட்டிவ் சன்’ நாவலை எழுதிய ரிச்சர்ட் ரைட்டின் முயற்சியும், ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவரின் உழைப்பும் சேர்ந்து, 1946இல் இந்தத் தேவாலயத்தின் நிலவறையில் லஃபார்க் கிளினிக் தொடங்கியது. கட்டணம் 25 காசு. கையில் இல்லாவிட்டால் அதுவும் வேண்டாம். கறுப்பின மக்களுக்கு மனநல சிகிச்சை என்பதே எட்டாக்கனியாக இருந்த நகரத்தில், வாரத்தில் இரண்டு மாலை இந்தக் கதவு திறந்திருந்தது.

ரால்ஃப் எலிசன் இந்த கிளினிக்கை வைத்து ஒரு முக்கியமான கட்டுரை எழுதியிருக்கிறார். தெற்கிலிருந்து பிழைக்க வந்த மனிதனுக்குக் காலடியில் நிலமே இல்லாமல் போனால் மனம் எங்கே போய் நிற்கும் என்பது அதில் அவருடைய கேள்வி. 1952இல் வந்த ‘இன்விசிபிள் மேன்’ நாவலில் தொழிற்சாலை விபத்தில் அடிபட்ட நாயகனை ஒரு பெட்டிக்குள் கிடத்தி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். உன் பெயர் என்ன என்று கேட்கிறார்கள். அவனுக்கு நினைவில்லை. இங்கே நோய் என்பது மண்டைக்குள் மட்டும் நடப்பதல்ல. வாடகை, கூலி, நிறம், போலீஸ் எல்லாம் சேர்ந்து ஒரு மனிதனின் உறக்கத்துக்குள் நுழைகின்றன. டோனி மாரிசனின் ‘தி புளூவெஸ்ட் ஐ’ 1970இல் இதையே ஒரு சிறுமியின் கதையாகச் சொன்னது. தனக்கு நீலக் கண் வந்துவிட்டது என்று நம்பியே அந்தக் குழந்தை உடைந்துபோகிறது.

மதியம் ஒரு சின்ன உணவகத்தில் சோளரொட்டியும், நீண்ட நேரம் வேகவைத்த கீரையும், காராமணியும் சாப்பிட்டேன். பரிமாறிய அம்மாள், தட்டைக் காலி செய்யாமல் எழுந்திருக்க விடவில்லை. கிளினிக் 1958இலேயே மூடிவிட்டது என்றதும், “நிலவறையில் இடம் கொடுத்தார்கள், மாடியில் கொடுத்திருந்தால் இன்னும் இருந்திருக்கும்” என்றார்.

ரயிலில், பிராவிடன்ஸ் வழியாக

பாஸ்டன் போகும் ரயில் கடலை ஒட்டி ஓடுகிறது. சதுப்பு நிலங்களில் வெள்ளைக் கொக்குகள். ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸில் வண்டி நின்றபோது சார்லட் பெர்கின்ஸ் கில்மனை நினைத்துக்கொண்டேன். அவர் வளர்ந்த, மணமான, குழந்தை பெற்ற ஊர் இது. பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு அவரை மூடிக்கொண்டது. பிலடெல்பியாவில் சிலாஸ் வியர் மிட்செல் என்ற புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவரிடம் 1887இல் போனார். அவர் சொன்ன மருந்து ஓய்வு. படுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேனாவையும் தூரிகையையும் இனித் தொடவே கூடாது.

அந்த வைத்தியம் தன்னைப் பித்தின் விளிம்புக்கே தள்ளியது என்று பின்னாளில் அவர் எழுதினார். 1892இல் வெளியான ‘தி யெல்லோ வால்பேப்பர்’ கதையில், கணவனே டாக்டராக இருக்கும் ஒரு பெண்ணை மாடி அறையில் ஓய்வெடுக்க வைக்கிறார்கள். அவள் ஒளித்து ஒளித்து எழுதுகிறாள். சுவரில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் சிக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கத் தொடங்குகிறாள். அவளை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அவள் சொல்வதை அன்பாகச் சிரித்து ஒதுக்குகிறார்கள், அவ்வளவுதான். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவள் அழுதால் “பச்ச உடம்புக்காரி, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அப்படிச் சொல்லும் எல்லாரும் படிக்க வேண்டிய கதை அது.

பெல்மாண்ட், மாசசூசெட்ஸ்

ஹார்வர்டு சதுக்கத்திலிருந்து பஸ் பிடித்து, வாட்டர்டவுனில் ஓர் ஆர்மீனியன் பேக்கரியில் இறைச்சி தடவிச் சுட்ட மெல்லிய ரொட்டியை வாங்கிக்கொண்டு, பெல்மாண்ட் போய்ச் சேர்ந்தேன். குன்றின் மேல் மரங்களுக்கு நடுவே சிவப்புச் செங்கல் கட்டடங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கின்றன. தெரியாதவர்கள் ஒரு கல்லூரி என்றே நினைப்பார்கள். 1895 முதல் இங்கே இயங்கும் மெக்லீன் ஆஸ்பத்திரி அது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஃபிரெட்ரிக் லா ஓம்ஸ்டெட், கடைசிக் காலத்தில் இங்கேயே நோயாளியாக இருந்து 1903இல் காலமானார். இன்றும் நோயாளிகள் இருக்கும் இடம் என்பதால் கட்டடங்களை நெருங்காமல், பக்கத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட குன்றின் பைன் மரப் பாதையிலேயே நடந்தேன்.

இத்தனை எழுத்தாளர்கள் நோயாளியாகப் படுத்திருந்த வளாகம் அமெரிக்காவில் வேறு உண்டா என்று தெரியவில்லை. ராபர்ட் லோவெல் இங்கே இருந்ததைக் கவிதையாக்கி, 1959இல் வந்த ‘லைஃப் ஸ்டடீஸ்’ தொகுப்பில் வைத்தார். பரம்பரைப் பணக்கார வீட்டுக் கவிஞர் ஒருவர், தான் மனநோய் விடுதியில் சவரம் செய்துகொண்டதைக் கவிதையில் சொன்னது அன்றைய அமெரிக்காவுக்கு அதிர்ச்சி. அதே ஆண்டு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய கவிதை வகுப்பில் சில்வியா பிளாத்தும் ஆன் செக்ஸ்டனும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். செக்ஸ்டன் கவிதை எழுதத் தொடங்கியதே அவருடைய மனநல மருத்துவர் தூண்டியதால்தான். பின்னாளில் அவரே மெக்லீன் நோயாளிகளுக்குக் கவிதை வகுப்பு எடுத்தார்.

பிளாத் 1953இல் இங்கே சேர்க்கப்பட்டார். தற்கொலைக்கு முயன்று பிழைத்த 20 வயதுக் கல்லூரி மாணவி. செலவை நாவலாசிரியர் ஆலிவ் ஹிகின்ஸ் பிரவுட்டி ஏற்றுக்கொண்டார். பத்தாண்டு கழித்து, 1963 ஜனவரியில், ‘தி பெல் ஜார்’ நாவல் லண்டனில் வேறொரு பெயரில் வெளியானது. அடுத்த மாதம் பிளாத் உயிரோடு இல்லை. அமெரிக்காவில் அந்தப் புத்தகம் 1971இல்தான் அச்சேறியது.

அந்த நாவலில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. எஸ்தருக்கு இரண்டு இடங்களில் மின்னதிர்ச்சி சிகிச்சை நடக்கிறது. முதல் முறை, அவளிடம் எதையும் விளக்காத ஒரு டாக்டர், கவனமில்லாமல் செய்கிறார். அது தண்டனையாகவே இறங்குகிறது. இரண்டாம் முறை, அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் ஒரு பெண் டாக்டர், பக்கத்தில் இருந்து, ஒழுங்காகச் செய்ய வைக்கிறார். அவளை மூடியிருந்த கண்ணாடிக் குடுவை கொஞ்சம் மேலே எழும்புகிறது. சிகிச்சை ஒன்றுதான். நோயாளியை மனுஷியாக நடத்தியதில் இருக்கிறது வித்தியாசம். வைத்தியம் வேண்டாம் என்று பிளாத் எழுதவில்லை. எப்படிப்பட்ட கை அதைக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார்.

சூசன்னா கேசன் 1967இல், 18 வயதில், ஒரு டாக்டருடன் நடந்த சுருக்கமான சந்திப்புக்குப் பிறகு டாக்ஸியில் ஏற்றி இங்கே அனுப்பப்பட்டார். கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு உள்ளே. பிற்பாடு வக்கீல் வைத்துத் தன் ஆஸ்பத்திரிக் கோப்பைக் கேட்டு வாங்கினார். 1993இல் வந்த ‘கேர்ள், இன்டரப்டட்’ புத்தகத்தில் அந்தத் தாள்களை அப்படியே அச்சிட்டிருக்கிறார். ஒரு பக்கத்தில் ஆஸ்பத்திரியின் தட்டச்சு, அடுத்த பக்கத்தில் அவருடைய சொற்கள். ஒரே பெண்ணைப் பற்றித்தான் இரண்டும் பேசுகின்றன. அந்தத் தட்டச்சுத் தாளில் பேசுவது அவர் குரல் அல்ல என்பதைப் படிக்கிறவரே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பைன் பாதையில் நடக்கும்போது ஓர் எண்ணம் உறுத்திக்கொண்டே இருந்தது. இவர்கள் எழுதிய எழுத்துக்குப் பின்னால் கட்டணம் கட்ட யாரோ இருந்தார்கள். பிளாக்வெல்ஸ் தீவின் ஜெர்மன் பெண்ணுக்கு யார் இருந்தார்?

சேலம், ஆரிகன்

நாட்டின் மறுகோடி. பசிபிக் கரையின் ஆரிகன் மாநிலத் தலைநகருக்கும் சேலம் என்றுதான் பெயர். சுற்றிலும் ஈர மண், பழத் தோட்டங்கள். இந்த மாவட்டத்தின் பெயரையே தாங்கிய மேரியன்பெர்ரிப் பழத்தில் செய்த பை இங்கே ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையிலும் கிடைக்கிறது. புளிப்பும் இனிப்பும் சரிபாதி.

1883இல் திறந்த ஆரிகன் மாநில ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் 2012 முதல் மனநல அருங்காட்சியகம் நடக்கிறது. கென் கீசி ‘ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்’ நாவலை 1962இல் வெளியிட்டார். கலிபோர்னியாவில் மென்லோ பார்க் ராணுவத்தினர் ஆஸ்பத்திரியில் இரவுப் பணியாளாக இருந்தபோது கண்டதுதான் அதற்கு விதை. கதை நடப்பது ஆரிகனில். 1975இல் மிலோஷ் ஃபோர்மன் அதைப் படமாக எடுத்தபோது இந்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே எடுத்தார். கண்காணிப்பாளர் டீன் புரூக்ஸ் படத்திலும் டாக்டராகவே நடித்தார். நோயாளிகள் பலருக்குப் படப்பிடிப்பில் சம்பள வேலை கிடைத்தது.

அருங்காட்சியகத்தில் வழிகாட்டிய அம்மையார் ஓய்வுபெற்ற நர்ஸ். கீசியின் கதையில் வரும் கொடூர நர்ஸைப் பற்றி நானாகக் கேட்கத் தயங்கினேன். அவரே தொடங்கினார்: “அந்தப் படத்துக்கு அப்புறம் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் மாறும். மின்னதிர்ச்சி சிகிச்சையால் பிழைக்க வேண்டியவர்கள், படத்தைப் பார்த்துப் பயந்துபோய் வேண்டாம் என்றார்கள். ஆனால் அந்தப் படம் வராவிட்டால் எங்கள் வார்டு கதவுகளை யார் தட்டிப் பார்த்திருப்பார்கள்? இரண்டும் உண்மை.”

அவர் சொன்ன இரண்டையும் வரலாறு ஒத்துக்கொள்கிறது. 1955இல் அமெரிக்க அரசு மனநல ஆஸ்பத்திரிகளில் இருந்தவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல். புதிய மருந்துகள் வந்தன. கென்னடி 1963இல் கையெழுத்திட்ட சட்டம், பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பதிலாக ஊர்தோறும் சிகிச்சை மையம் வரும் என்றது. ஆஸ்பத்திரிகள் காலியாயின. வாக்களித்த மையங்களில் பாதிகூட சரியாக எழும்பவில்லை. வெளியே வந்தவர்கள் பலர் நடைபாதையிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். சிறைக்கதவு போல ஆஸ்பத்திரிக் கதவையும் உடைத்தால் போதும் என்று நம்ப வைத்ததில் கீசி தலைமுறைக்கும் ஒரு பங்கு உண்டு. பித்து என்பது சமூகத்தின் மேல் தொடுக்கும் கலகம் என்று எழுதுவது கேட்க நன்றாக இருக்கும். ராத்திரி மூன்று மணிக்குக் குரல்கள் கேட்டு அலறுகிறவருக்கு அது பயன்படாது.

கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் ஒரு நினைவிடம். 1914 தொடங்கி அறுபது ஆண்டு போல, இறந்துபோய் உரிமை கோர யாரும் வராத நோயாளிகளின் சாம்பலைச் செம்பு டப்பாக்களில் அடைத்து வைத்திருந்தார்கள். எண்ணிக்கை 3,500க்கும் மேல். ஈரம் பட்டுப் பச்சையும் நீலமுமாகப் பூத்துப்போன டப்பாக்கள். மூடியில் எண் மட்டும். 2004இல் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆய்வுக்கு வந்தபோதுதான் இவற்றை வைத்திருந்த அறை வெளி உலகத்துக்குத் தெரிந்தது. ‘தி ஆரிகோனியன்’ நாளிதழ் ஆஸ்பத்திரியின் நிலையைப் பற்றி எழுதிய தலையங்கங்களுக்கு 2006இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. மாநில அரசு பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. பேரன்களும் கொள்ளுப்பேத்திகளும் வந்து சாம்பலை வாங்கிப் போனார்கள்.

அங்கே நின்றபோது தமிழ்நாட்டு ஏர்வாடி நினைவுக்கு வராமல் இருக்குமா? 2001 ஆகஸ்டு 6 அதிகாலை, ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த மனநோயாளிகளில் 28 பேர் எழுந்து ஓட முடியாமல் இறந்தார்கள். சேலத்தின் டப்பாக்களில் பெயருக்குப் பதில் எண் இருந்தது. நம் 28 பேரின் பெயரைச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்?

செலைலோ, கொலம்பியா ஆறு

போர்ட்லண்டுக்கு அருகே மென்பொருள் வேலையில் இருக்கும் நண்பர், மனைவியோடு காரில் என்னைக் கிழக்கே அழைத்துப் போனார். இடது பக்கம் கொலம்பியா ஆறு, வலது பக்கம் கரும்பாறையிலிருந்து விழும் அருவிகள். கேஸ்கேட் லாக்ஸில் பாலத்துக்கு அடியில் பழங்குடி மீனவர்கள் அன்று பிடித்த சால்மனை ஐஸ்பெட்டியில் வைத்து விற்கிறார்கள். புகையில் வாட்டிய துண்டு ஒன்று வாங்கி, நண்பரின் மனைவி கட்டிவந்த புளியோதரையோடு சாப்பிட்டோம். த டேல்ஸ் ஊரைத் தாண்டியதும் காடு மறைந்து, காய்ந்த புல் மூடிய மொட்டைக் குன்றுகள் வந்துவிட்டன.

நான் எதற்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பார்த்து வருகிறேன் என்று அந்தப் பெண் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, “அண்ணா, எங்க சித்தப்பா ஒருத்தர் இருந்தாரு. நல்லா படிச்சவரு. எங்க வீட்டு கல்யாண போட்டோ எதுலயும் அவரு இருக்க மாட்டாரு. போட்டோ எடுக்கற அன்னிக்கு அவர மாடில வச்சு பூட்டிருவாங்க. என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவும் அப்படித்தான்” என்றார். நண்பர் திரும்பிப் பார்த்தார். “இத நீ எங்கிட்ட சொன்னதே இல்லயேம்மா.” “யாரும் கேக்கலயே” என்றார் அவர். அதன் பிறகு வழியெல்லாம் சித்தப்பாவைப் பற்றியே பேசினார். அவர் கணக்குச் சொல்லித் தருவது, ரேடியோவைப் பிரித்துச் சேர்ப்பது, மழை நாளில் மட்டும் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிவது.

செலைலோவில் இப்போது அகலமான, அலையில்லாத நீர்ப்பரப்புதான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழங்குடி மக்கள் மரச் சாரம் கட்டி, வலை வீசி சால்மன் பிடித்த பெரிய அருவி இங்கே இருந்தது. 1957 மார்ச்சில் த டேல்ஸ் அணையின் மதகுகளை மூடினார்கள். சில மணி நேரத்தில் அருவி மூழ்கிவிட்டது.

கீசியின் நாவலைச் சொல்வது நாயகன் மெக்மர்ஃபி அல்ல, சீஃப் புரோம்டன் என்ற பழங்குடி நோயாளி. இந்த ஆற்றின் மகன். அவருடைய மக்களின் அருவியையும் அணைக்காகத்தான் வாங்குகிறார்கள். வார்டில் எல்லாரும் அவரைச் செவிட்டு ஊமை என்று நினைக்கிறார்கள். எப்போது அப்படி ஆனார்? சிறுவனாக இருந்தபோது, நிலத்தைப் பேரம் பேச வந்த வெள்ளைக்காரர்கள் அவர் சொன்ன வார்த்தை காதிலேயே விழாதவர்களைப் போல அவர் முன்னாலேயே பேசிக்கொண்டு போனார்கள். அவருக்குக் காது போகவில்லை. எதிரில் நின்றவர்கள்தான் கேட்கவில்லை. நியூயார்க்கின் ஜெர்மன் பெண்ணுக்கு நடந்ததும் இதுதான். மஞ்சள் காகித அறையில் நடந்ததும் இதுதான்.

புரோம்டனுக்குக் குரல் கொடுத்தவர் ஒரு வெள்ளை எழுத்தாளர் என்பதையும் சொல்லியாக வேண்டும். லகூனா பியூப்லோ வம்சத்து லெஸ்லி மார்மன் சில்கோ 1977இல் ‘செரிமனி’ நாவலில் தன் மக்களின் கதையைத் தானே எழுதினார். போரிலிருந்து மனம் சிதறித் திரும்பிய டேயோவை ராணுவ ஆஸ்பத்திரியால் முழுதாக மீட்க முடியவில்லை. ஊரின் சடங்கும் கதையும் நிலமும் சேர்ந்துதான் அவனை மீட்கின்றன.

நம்மிடமும் இந்த எழுத்து இல்லாமல் இல்லை. தன் காதுக்குள் கேட்ட குரல்களோடு போராடிய எம்.வி. வெங்கட்ராம் அதை ‘காதுகள்’ நாவலாக்கினார். 1993இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. கோபிகிருஷ்ணன் ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ எழுதினார். நாம் இவற்றைக் கொண்டாடினோம், ஆனால் மாடி அறைச் சாவியைக் கீழே வைக்கவில்லை.

அமெரிக்காவில் மனநோயை எழுதியவர்கள் எல்லாரும் நோயை வென்றவர்கள் அல்ல. பிளாத், செக்ஸ்டன் இருவரையும் அது கொண்டுபோய்விட்டது. அவர்கள் வாழ்க்கையை அழகான சோகமாக்கிப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் விட்டுப்போனது, ஒரு டாக்டரோ கணவனோ நீதிபதியோ எழுதிய குறிப்புக்கு எதிரே நோயாளியின் சொல்லையும் வைத்தே தீர வேண்டும் என்ற வழக்கம். மருந்து வேண்டும், நல்ல ஆஸ்பத்திரி வேண்டும், ஊருக்குள்ளேயே சிகிச்சை வேண்டும். இத்தனையும் கிடைத்தாலும், படுத்திருப்பவரிடம் “உனக்கு என்ன செய்கிறது, நீயே சொல்” என்று கேட்டு, பதில் முடியும்வரை உட்கார்ந்திருக்க ஓர் ஆள் வேண்டும். திரும்பி வரும் வழியில் நண்பரின் மனைவி, சித்தப்பாவைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னார். எழுதட்டும். அவர் எழுதினால் முதல் வாசகன் நான்.